பெரிய வீட்டுக் குழு: அப்பாவின் இன்ஜின்

புதன்கிழமை

சண்முகம், காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு கோயிலில், மின்சாரம் தரும் நம் அப்பாவின் டீசல் இன்ஜின் நின்றுவிட்டது. ஆடித் திருவிழாவுக்கு இன்னும் 17 நாள்களே இருக்கின்றன. ரத விளக்கும் ஒலிபெருக்கியும் நம் குடும்ப உபயம் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பெட்டியில் இருப்பது 640 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தலை வெடித்திருக்கலாம் என்று தம்பி மாரிமுத்து சொல்கிறார். வழக்கம்போல் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். குரல் பதிவு வேண்டாம்.

சரசு, 6.52
தலை வெடித்தது என்று படித்ததும் யாருடைய தலையோ என்று பதறி, அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டேன் அண்ணா.

கலைவாணி, 7.05
யாராவது முதலிலிருந்து சொல்லுங்கள். நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருக்கிறேன்.

தினேஷ், 7.11
நான்தான் பொறுப்பில் இருந்தேன். ஒத்திகைக்காக மாலை 6 மணிக்குக் கிளப்பிய இன்ஜின் இரவு 10 மணி வரை ஓடியது. தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. சத்தம் மாறியது, இடித்தது, தானாகவே நின்றது. ஆவி பறந்ததைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

சரசு, 7.14
முழு வாக்கியம் எழுதினால் போதாது மகனே, முழு உண்மையையும் எழுத வேண்டும். நீ கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மாரிமுத்து, 7.30
பிள்ளையைத் திட்டுவதால் இன்ஜின் ஓடப் போவதில்லை அக்கா. நம்முடைய எஸ்195 வகை இன்ஜினில் ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீர் பம்பும் கிடையாது. பிஸ்டன் ஓடும் குழாயான லைனரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் அதைக் குளிரவைக்கும் வழி. ஆகவே தண்ணீர் கொதிப்பதில் தவறில்லை, வற்றவிடுவதுதான் தவறு. அதற்காகவே தொட்டியின் மேல் ஒரு சிவப்பு மிதவை உண்டு; அது இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மிதவை எப்போது காணாமல் போனது என்பதைப் பாலன் மச்சான்தான் சொல்ல வேண்டும். வற்றிக் காய்ந்த வார்ப்பிரும்பின் மீது குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது விரிசல் விடும். காலையில் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் தே தாரிக் பால்தேநீர் போல வெளுத்து நுரைத்திருக்கிறது, எனவே உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது உறுதி. ஓடுகிறதா பார்க்கலாம் என்று யாரும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிவிடாதீர்கள். தண்ணீர் கலந்த எண்ணெய் பேரிங்கைக் காக்காது. இப்போது ஹெட்டோடும் (லைனரை மூடும் தலை) லைனரோடும் முடியக்கூடிய செலவு, அப்புறம் கிராங்க் தண்டு வரை போய்விடும்.

பாலன், 7.48
இன்ஜின் என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மிதவை இல்லை. புதிய இன்ஜின் 2,300 வெள்ளிக்கு இணையத்தில் கிடைக்கிறது. இந்தப் பழைய இரும்பை ஏன் கட்டி அழ வேண்டும்?

கலைவாணி, 7.55
பெட்டியில் 640 வெள்ளிதான் இருக்கிறது என்று அப்பா எழுதியிருக்கிறாரே, மாமா. கல்யாண வீடுகளுக்கு இன்ஜினை வாடகைக்கு விட்ட பணம் இருந்திருந்தால் நானும் புதிது வாங்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்; ஆனால் கணக்கேட்டில் மூன்று ஆண்டுகளாக வாடகை வரவு என்று ஒரு வரிகூட இல்லை.

பாலன், 8.02
எண்ணெயும் டீசலும் யார் ஊற்றியது? 2024 ஜூன் 10 அன்று டீசல் ஒரே நாளில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை, ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் மறந்திருக்கலாம்.

சண்முகம், 8.10
கணக்கைத் திருவிழாவுக்குப் பிறகு பார்ப்போம். மாப்பிள்ளை, கலைவாணி, இருவரும் இன்ஜினைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

வியாழக்கிழமை

மாரிமுத்து, இரவு 8.25
மாலையில் மச்சான் வீட்டுச் சாய்ப்பில் வைத்து நானும் தினேஷும் ஹெட்டைக் கழற்றினோம். கண்ணுக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆலையில் பிட்டராக இருந்தபோது செய்ததையே செய்தேன்: கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டுத் துணியால் நன்றாகத் துடைத்து, அதன்மேல் சாக்குக்கட்டியைத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில், இரண்டு வால்வுகளுக்கும் நடுவே வெள்ளைப் பொடியின் மீது மயிரிழை போல ஓர் ஈரக்கோடு எழுந்தது. தினேஷ் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அடுத்தது லைனர். ஓரிடத்தில் பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியிருக்கிறது. அது மட்டும் என்றால் பொறுமையாகத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் இரண்டு கீறல்களில் என் நகம் மாட்டுகிறது. நகம் மாட்டினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அந்த இடத்தை அடைக்காது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. கீறல் வழியாகக் காற்று கசிந்தால் எத்தனை பேர் சுற்றினாலும் கிளம்பாது.

பாலன், 8.33
ஹெட் விரிசலுக்கு ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்து ஒரு புட்டி போதும். என் லாரியில் அப்படித்தான் செய்தேன்.

சரசு, 8.35
அந்த லாரி தாப்பா ஊர் அருகே நின்றுபோனதையும் எழுதுங்கள்.

மாரிமுத்து, 8.41
ரேடியேட்டரில் தண்ணீர் சுற்றி வரும், அதனால் மருந்து விரிசலைத் தேடிப் போகும். இந்தத் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. விரிசலுக்கு அந்தப் பக்கம் எரியும் வாயு முழு வேகத்தில் மோதுகிறது. முதல் வெடிப்பிலேயே மருந்து தெறித்து வெளியே வந்துவிடும் மச்சான்.

சரசு, 8.44
முட்டையின் வெள்ளைக்கரு?

மாரிமுத்து, 8.46
அதைத் தினேஷுக்குக் கொடுங்கள் அக்கா, நேற்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

சண்முகம், 8.50
ஹெட்டை வெல்டிங் செய்ய முடியாதா?

மாரிமுத்து, 9.04
வார்ப்பிரும்பை முழுவதும் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட்டால் ஒட்டும். ஆனால் வால்வு நடுவே ஒட்டினால் வால்வு உட்காரும் இடத்தை மறுபடியும் கடைய வேண்டும்; கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிய ஹெட்டின் விலைக்கு அருகில் வந்துவிடும், உத்தரவாதமும் கிடையாது. ஈப்போவில் உதிரிப்பாகக் கடையில் விசாரித்தேன். லைனர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்து 185 வெள்ளி. வால்வு இல்லாத ஹெட் 210 வெள்ளி; வால்வோடு வாங்கினால் 340. ஹெட்டின் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டும் லைனரின் கீழ் மாட்டும் இரண்டு ரப்பர் வளையங்களும் 30, எண்ணெய் 70. கிராங்க் பேரிங்கும் மாற்ற வேண்டுமானால் இன்னும் 40. நம் பழைய வால்வுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. தேய்ப்புப் பசை தடவிச் சுழற்றித் தேய்த்து உட்காரவைத்துவிடுவேன். வால்விலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும் மிச்சம் பிடிக்கலாம். கேஸ்கட்டிலும் ரப்பர் வளையத்திலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. 30 வெள்ளியைப் பார்த்தால் அடுத்த மாதமே எண்ணெய் மறுபடியும் வெளுக்கும்.

கலைவாணி, 9.12
வால்வு இல்லாத ஹெட் என்றால் 495, பேரிங்கும் சேர்த்தால் 535. வால்வோடு என்றால் 625, பேரிங்கும் சேர்த்தால் 665. நான் ரசீது கேட்பேன் சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாரிமுத்து, 9.15
ரசீது இல்லாமல் நான் ஓர் ஆணிகூட வாங்கியதில்லை அம்மா. அது வேறு சிலருடைய வழக்கம்.

பாலன், 9.16
புரிகிறது.

சண்முகம், 9.24
தோட்டத்தில் ஓடிய லிஸ்டர் இன்ஜின் நினைவுக்கு வருகிறது. 6 குதிரைசக்திக்கு அவ்வளவு பெரிய உருவம். நிமிடத்துக்கு 650 சுற்றுதான். அப்பா அதை ஒரு நாளும் வற்றவிட்டதில்லை.

சரசு, 9.27
தோட்டத்து லயத்து வீட்டில் அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

தினேஷ், 9.31
அது 650, நம்முடையது 2,000 சுற்று என்றால், வற்றிய பிறகு எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும் மாமா?

மாரிமுத்து, 9.36
அதைக் கணக்குப் பார்த்து வருந்தாதே. புது லைனரை இறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்காமல், இரண்டு கையாலும் நேராக அழுத்த வேண்டும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும். லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட நூலளவு மேலே நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தால் கேஸ்கட் பிடிக்காது. ரிங்கை மாட்டும் முன், அதை மட்டும் லைனருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடால் அளக்க வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் கோடாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் உள்ளிழுப்புக்கு 0.35, புகைபோக்கிக்கு 0.45 மில்லிமீட்டர். இதையெல்லாம் இந்தக் குழுவில் எழுதுவது உனக்காகத்தான்; நான் எத்தனை ஆண்டு இருப்பேன்?

சரசு, 9.39
கடைசி வாக்கியத்தை அழித்துவிடு தம்பி.

வெள்ளிக்கிழமை

பாலன், பிற்பகல் 1.10
எனக்குத் தெரிந்த ஒரு தவுக்கேயிடம் (சீன முதலாளி) பழைய ஹெட் ஒன்று 80 வெள்ளிக்கு இருக்கிறது. 210 எதற்கு?

மாரிமுத்து, 1.34
சாக்குக்கட்டியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் அங்கேயே தேய்த்துப் பார்ப்பேன். கோடு எழாவிட்டால், மட்டப்பலகை வைத்து வளைவையும் பார்த்துவிட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

சண்முகம், 1.40
பேரிங்கைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே?

மாரிமுத்து, 1.52
பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு கோடு தெரிகிறது, ஆனால் நகம் மாட்டவில்லை. மனம் மாற்று என்கிறது. பெட்டி வேண்டாம் என்கிறது. நாளை ஈயக்கம்பி வைத்து அழுத்தி அளந்தபின் முடிவு செய்கிறேன்.

கலைவாணி, 2.05
பேரிங்குக்கான 40 வெள்ளியை நான் அனுப்பிவிடுகிறேன். கணக்கில் என் பெயரைப் போட வேண்டாம்.

மாரிமுத்து, 5.20
நாளை காலை 7 மணிக்கு ஈப்போ போகிறேன். தினேஷ், பழைய ஹெட்டைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வா. ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் புதிதோ பழையதோ எதையும் வாங்க மாட்டேன். வால்வுகளைக் கடையிலேயே பொருத்திப் பார்த்துவிடலாம்.

தினேஷ், 5.41
மாமா, சாய்ப்பில் ஹெட் இல்லை. இடம் அடைக்கிறது என்று அப்பா இன்று காலை பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டாராம். இன்ஜெக்டரை நான் நேற்றே கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். வால்வுகள் அதோடு போய்விட்டன.

சரசு, 5.43
என்ன விலைக்கு?

தினேஷ், 5.44
14 வெள்ளி.

கலைவாணி, 5.46
625.

மாரிமுத்து, 5.58
மச்சான் குழுவில் இருக்கிறாரா?

சரசு, 5.59
என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டதாம்.

சண்முகம், 6.03
அந்த இரும்புக்கடை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அவரையே கேட்டு எழுது சரசு.