பொலோன்யா, மொடேனா, பார்மா பக்கம் போனவங்க எங்க என்ன சாப்பிட்டீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

நம்ம ஆளுங்க இத்தாலி போனா ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்னு ஓடிட்டு வந்துடறாங்க. நடுவுல ட்ரெயின் பொலோன்யாவைத் தாண்டித்தான் போகுது, ஆனா யாரும் இறங்கறதில்ல, அதுல எனக்கு ரொம்பவே வருத்தம். வேலை விஷயமா நான் அங்க தங்கியிருந்தவன், இத்தாலில சாப்பாட்டுக்காகவே ஒரு ஏரியா சொல்லுன்னு கேட்டா யோசிக்காம எமிலியா ரொமாஞான்னுதான் சொல்வேன். கி.மு. 187ல ரோமானியர்கள் பியாச்சென்சாவுக்கும் ரிமினிக்கும் நடுவுல ஒரு ரோடு போட்டாங்க, இன்னைக்கும் ரயில் அதை ஒட்டியேதான் போகுது, பார்மா, ரெஜ்ஜோ, மொடேனா, பொலோன்யா எல்லாம் வரிசையா அதே லைன்ல. அதனால பொலோன்யால ரூம் போட்டுட்டு, மொடேனா அரை மணி நேரம், பார்மா ஒரு மணி நேரம்னு மத்தியானச் சாப்பாட்டுக்கே வேற ஊருக்குப் போயிட்டு வரலாம். அப்படிப் போறதுதான் சரியும்கூட, ஏன்னா பக்கத்துப் பக்கத்து ஊரா இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் தனிச் சாப்பாடு, பொலோன்யால உக்காந்துக்கிட்டு பார்மா ஐட்டத்தைத் தேடறதுல அர்த்தமே இல்ல.

பொலோன்யால ஸ்பகெட்டி போலனீஸ் கேக்காதீங்க. அங்க ரகூங்கற கறி சாஸை டல்யடெல்லேங்கற பட்டையான முட்டைப் பாஸ்தாலதான் பெரட்டித் தருவாங்க, வெந்ததுக்கு அப்புறம் அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு 1972லயே ஊர் வர்த்தக சபைல பதிவு பண்ணி வச்சிருக்காங்க, ரகூ ரெசிபியையும் 1982ல பதிவு பண்ணிட்டாங்க, அந்தளவுக்கு இதுல கறாரா இருக்கற ஊரு. மாட்டுக்கறி, பன்றிக்கறி, வெங்காயம், கேரட், செலரி எல்லாம் சின்னத் தீயில மணிக்கணக்கா வேகும், தக்காளி கொஞ்சமாத்தான் இருக்கும், நாம வெளிய சாப்பிடற செவசெவன்னு இருக்கற சாஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

காலைல க்வாட்ரிலாத்தெரோன்னு சொல்ற பழைய மார்க்கெட் சந்துகளுக்குப் போங்க, மெயின் சதுக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. சில கடைல கண்ணாடிக்குப் பின்னாடி பெண்கள் மாவு தேய்ச்சிட்டு இருப்பாங்க, நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான் கணக்கு. நீளமான உருளைக்கட்டைல தேய்க்கத் தேய்க்க கீழ இருக்கற பலகையோட கோடு மாவு வழியாத் தெரிய ஆரம்பிக்கும். அதைச் சின்னச் சின்னச் சதுரமா வெட்டி, நடுவுல பட்டாணி சைஸ்ல கறி வச்சு, முக்கோணமா மடிச்சு, விரலைச் சுத்திக் கொண்டுவந்து ரெண்டு முனையையும் அழுத்தி விடுவாங்க, அதுதான் டோர்ட்டெல்லினி. உள்ள பன்றிக்கறி, மோர்ட்டடெல்லாங்கற பன்றிக்கறி சாசேஜ், சீஸ், ஜாதிக்காய். க்ரீம் ஊத்தியும் விக்கறாங்க, ஆனா சூப்லதான் சாப்பிடணும், குளிர்காலத்துல அந்த முதல் ஸ்பூன் இருக்கே, அதுக்காகவே டிக்கெட் போடலாம்.

அதே சந்துக்குள்ள ஓஸ்டெரியா டெல் சோலேன்னு 1465லேர்ந்து நடக்கற வைன் கடை ஒண்ணு இருக்கு. சாப்பாடு கிடையாது, நாமளே வாங்கிட்டுப் போய் உக்காந்து சாப்பிடலாம், குடிக்க மட்டும் அவங்ககிட்ட வாங்கணும். பக்கத்துக் கடைல மோர்ட்டடெல்லாவை மெல்லிசா சீவச் சொல்லி, ரொட்டியும் வாங்கிட்டு உள்ள போனா ஒரு பக்கம் காலேஜ் பசங்க, ஒரு பக்கம் தாத்தாங்க சீட்டு ஆடிட்டு இருப்பாங்க, அந்தச் சத்தத்துக்கு நடுவுல சாப்பிட்ட மத்தியானம் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு.

தவிர்க்க வேண்டியது என்னன்னா, மெயின் சதுக்கத்துல கலர் ஃபோட்டோ மெனுவோட வாசல்ல நின்னு கூப்பிடற இடங்கள். அப்படி ஒரு இடத்துல எங்களுக்கு ஆறிப்போன லசான்யா வந்துச்சு, பில் மட்டும் சூடு. பில்லுல ‘கோபெர்த்தோ’ன்னு ஆளுக்கு 2, 3 யூரோ இருந்தா பயப்படாதீங்க, மேஜைக்கு வாங்கற காசு, அங்க அது சகஜம். இன்னொண்ணு, மத்தியானம் 12.30லேர்ந்து 2.30 வரைக்கும்தான் கிச்சன் இருக்கும், நாலு மணிக்குப் பசிச்சா ஒண்ணும் கிடைக்காது, ராத்திரி 7.30க்கு மேலதான். நீங்க எங்க சாப்பிட்டீங்க, சொல்லுங்க.

*

நாங்க சுத்த சைவம், அம்மா அப்பாவையும் கூட்டிட்டுப் போனோம், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். இது பன்றிக் கொழுப்புல வாழற ஊருங்க, அதை மனசுல வச்சுக்கிட்டுப் போனா கஷ்டமில்ல. மொடேனால நியோக்கோ ஃப்ரித்தோன்னு மாவை உப்பலா பொரிச்சுத் தருவாங்க, பாக்கவே ஆசையா இருக்கும், ஆனா பழைய முறைல பன்றிக் கொழுப்புலதான் பொரிக்கறாங்க. காய் சூப்பா இருந்தாலும் அடில கறித்தண்ணியான்னு கேட்டுக்கோங்க. ‘சென்சா ஸ்த்ரூட்டோ’ன்னா பன்றிக் கொழுப்பு இல்லாம, இந்த ஒரு வார்த்தையை எங்கப்பாவே மனப்பாடம் பண்ணிட்டாரு. பார்மிஜானோ சீஸ் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற உறைப்பொருள் போட்டுத்தான் செய்வாங்க, வேற வழில செய்ய அவங்க விதியே விடாது, அதனால அதுவும் வேணாம்னு இருக்கறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. எங்க வீட்டுல அம்மா மட்டும் சீஸ் இல்லாம சாப்பிட்டாங்க.

எங்களுக்கு மறக்க முடியாதது ஃபெராரால சாப்பிட்டது. பொலோன்யாலேர்ந்து ட்ரெயின்ல அரை மணி நேரம்தான். அங்க கப்பெல்லாச்சின்னு பெரிய சைஸ் பாஸ்தா, உள்ள பரங்கிக்காய், வெண்ணெய்லயும் சேஜ் இலையிலயும் பெரட்டித் தர்றாங்க, லேசா இனிப்பு, மேல சீஸோட உப்பு. ரகூ போட்டும் தருவாங்க, அதனால ஆர்டர் பண்ணும்போதே ‘புர்ரோ எ சால்வியா’ன்னு சொல்லிடணும். பார்மால டோர்ட்டெல்லி தெர்பெத்தா கேளுங்க, கீரையும் ரிக்கோட்டா சீஸும் உள்ள இருக்கும், ஜூன் 23 ராத்திரி ஊரே வெளிய மேஜை போட்டு அதைத்தான் சாப்பிடுமாம், நாங்க போனது வேற மாசம்.

*

நாங்கள் சூரிச்சில இருக்கிறம், லீவு வந்தால் கொத்தார்ட் டனலால இறங்கி மிலானைத் தாண்டி பார்மாப் பக்கம் போறது வழக்கம். ரெஸ்டோரண்ட் பற்றி மற்றவை சொல்லுவினம், நான் பார்மிஜானோ சீஸ் செய்யிற இடத்தைப் பற்றிச் சொல்லுறன், பிள்ளையளோட போறவை கட்டாயம் போங்கோ. முதலே புக் பண்ணிப்போட்டு வெள்ளெனப் போகவேணும், விடிய வந்த பாலில உடனயே வேலை தொடங்கிவிடும். முதல்நாள் பின்னேரப் பாலின்ர ஆடையை எடுத்துப்போட்டு, காலைமைப் பாலோட சேர்த்து பெரிய செப்புப் பானைக்குள்ள விடுவினம். தயிர் மாதிரித் திரண்டதை உடைச்சு, சூடாக்கி, அடியில போய் ஒண்டாச் சேரவிட்டு, ஒரு துணியை உள்ளுக்க விட்டு ரெண்டு பேர் தூக்கினவை, பிறகு அந்தப் பெரிய உருண்டையைக் கத்தியால ரெண்டாப் பிரிச்சவை. ஒரு பானைக்கு ரெண்டு சீஸ்தான். ஒரு சீஸுக்கு 550 லீட்டர் அளவில பால் வேணும், கடைசியில 40 கிலோ அளவில வரும். எங்கட மகள் அதைப் பார்த்த பிறகு தட்டில ஒரு துண்டுகூட மிச்சம் விடுறேல்லை.

அறைக்குள்ள கூரை வரைக்கும் அடுக்கி வைச்சிருக்கிற சீஸை ஒருவர் சின்னச் சுத்தியலால தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேட்டார், உள்ளுக்க வெடிப்பு இருந்தால் சத்தம் மாறுமாம். குறைஞ்சது 12 மாதம் வைக்கவேணும், 24, 36 மாதத்தையும் பக்கத்தில வைச்சுச் சாப்பிட்டுப் பாருங்கோ, 36 மாதம் வாயில நறநற எண்டு கடிபடும், எனக்கு 24தான் பிடிச்சது.

*

மேல சொன்ன சீஸ் விஷயத்துல ஒண்ணு சேர்க்கணும். அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணைகள்ல வேலை பாக்கறவங்கள்ல நிறையப் பேர் பஞ்சாபிகள், ரெஜ்ஜோ பக்கம் நோவெல்லாராங்கற ஊர்ல பெரிய குருத்வாராவே இருக்கு, 2000ல முன்னாள் இத்தாலிப் பிரதமர் ரொமானோ ப்ரோதி வந்து திறந்து வச்சது. பாஸ்தா சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு ஏங்கின ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய் தரையில உக்காந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன், யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்கல, போதும் போதும்னாலும் போட்டுக்கிட்டே இருந்தாங்க.

மொடேனால அல்பினெல்லி மார்க்கெட், 1931லேர்ந்து இருக்கற கூரை போட்ட சந்தை, மத்தியானம் அங்கயே நின்னுக்கிட்டே சாப்பிட்டுடலாம். பால்சமிக் வினிகர் வாங்கறவங்க லேபிளைப் பாருங்க. சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கறது வைன் வினிகர் கலந்தது, அது சாலட்டுக்குப் போதும். ‘த்ரதிட்சியொனாலே’ன்னு போட்டிருந்தா வெறும் திராட்சைச் சாறைக் காய்ச்சி, வீட்டுப் பரணுல ஓக், செர்ரி, மல்பெரின்னு வேற வேற மரப் பீப்பாய்ல மாத்தி மாத்தி குறைஞ்சது 12 வருஷம் வச்சது, 25 வருஷமும் இருக்கு, ரெண்டுமே 100 மில்லி உருண்டை பாட்டில்லதான் வரும். விலை ஜாஸ்திதான். ஒரு வீட்டுல போய் ருசி பாத்தோம், ஸ்பூன்ல ஒழுகவே நேரமாகுது, அவ்வளவு கெட்டி, புளிப்பும் இனிப்பும் மாறி மாறி வந்துட்டே இருந்துச்சு. வனிலா ஐஸ்க்ரீம் மேல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, சமைக்க மட்டும் ஊத்திடாதீங்க.

*

யாருமே ரொமாஞா பக்கம் வரலையே! பொலோன்யாக்குக் கிழக்க போனீங்கன்னா ரோட்டோரக் கடைல பியதீனா, சூடான கல்லுல சுட்ட ரொட்டி, உள்ள ஸ்க்வாக்கெரோனேங்கற ஒழுகற மாதிரி சீஸும் ருகோலா கீரையும் வச்சு மடிச்சுத் தருவாங்க, அஞ்சாறு யூரோல வயிறு ரொம்பிடும். ரிமினில மெல்லிசா அகலமா இருக்கும், ராவென்னா பக்கம் தடிமனா இருக்கும், எது ஒசத்தின்னு அவங்களுக்குள்ள சண்டையே நடக்கும், என் ஓட்டு ரிமினிக்குத்தான். சைவம் சாப்பிடறவங்க பன்றிக் கொழுப்பு இல்லாம ஆலிவ் ஆயில்ல செஞ்சதான்னு கேட்டு வாங்கிக்கோங்க, பல கடைல ரெண்டுமே வச்சிருக்காங்க.

அசைவம்னா பஸ்ஸதெல்லியை விட்டுடாதீங்க. ரொட்டித்தூள், பார்மிஜானோ, முட்டை, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் எல்லாம் பிசைஞ்சு, நம்ம முறுக்கு அச்சு மாதிரி ஒண்ணுல போட்டுக் கொதிக்கற சூப்புக்குள்ளயே நேரா பிழிஞ்சு விடுவாங்க. நான் தங்கின வீட்டுப் பாட்டி பிழியும்போது ஓரமா நின்னு பாத்தேன், மேல மிதந்து வந்ததும் எடுத்துட்டாங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

ஆகஸ்ட்ல ப்ளான் பண்றவங்களுக்கு ஒண்ணு, 15ஆம் தேதியை ஒட்டி பொலோன்யால குடும்பமா நடத்தற நல்ல கடைங்க நிறைய மூடியிருக்கும், முதலாளிங்க எல்லாம் கடலுக்குப் போயிடுவாங்க, அப்ப ரிமினி பக்கம் கூட்டம் தாங்காது. அக்டோபர், நவம்பர்ல போங்க, சூப் சாப்பிடற குளிரும் இருக்கும், பரங்கிக்காயும் புதுசா வந்திருக்கும்.