டின்னில் கிடந்த டிங்கி வண்டிகள்: மறுபதிப்புப் பாகம் போடலாமா, அசலைத் தேடலாமா?

லயத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்:

வணக்கம். அப்பா இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். அறுபதுகளில் துரை குடும்பம் ஊருக்குக் கிளம்பியபோது அவர்கள் பையனின் டிங்கி, மேட்ச்பாக்ஸ் பொம்மைகளை (இங்கிலாந்தில் செய்த சின்ன உலோக வண்டிகள்) ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் அண்ணன்மார் மண்ணில் உருட்டியது போக மிஞ்சியவை மூன்று.

ஒன்று, ஆரஞ்சு நிற டிங்கி லாண்ட் ரோவர். அடியில் 340 என்று இருக்கிறது. ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார், முன்கண்ணாடிச் சட்டம் காணோம். நான்கு டயரும் கல்லாகி வெடித்துவிட்டன. ஒன்று தொட்டதும் இரண்டாகப் பிளந்தது. இரண்டு, சிவப்பு மாஸி ஹாரிஸ் டிராக்டர், ஓட்டுநர் இல்லை. மூன்று, மேட்ச்பாக்ஸ் ரோட் ரோலர், பச்சை. அதற்குப் பெயிண்ட் உதிர்ந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

இணையத்தில் மறுபதிப்பு (அசலைப் போலவே இப்போது செய்கிற) டயர், சட்டம், ஓட்டுநர் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஈப்போ ஞாயிறு சந்தையில் ஒருவர், "டூப்ளிகேட் ஏறினால் வண்டிக்கு மதிப்பே இல்லை, அப்படியே என்னிடம் கொடுத்துவிடு" என்கிறார். விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. என்ன செய்யலாம்?

ஸ்பிரே கன், ஈப்போ:

இதற்கு இவ்வளவு யோசனையா பாஸ்? டயர் மாற்றுங்கள், பழைய பெயிண்டை உரித்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். மோட்டார்சைக்கிள் டேங்குக்கு அடிக்கிற அதே பெயிண்ட்தான். கடையில் வாங்கியது போல ஆக்கித் தருகிறேன்.

பட்டறைக்காரர், சுங்கை சிப்புட்:

பெயிண்டை உரிக்காதே தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இது.

நான் ரப்பர் ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிங்கி, மேட்ச்பாக்ஸ் சேர்க்கிறேன், சிலருக்குச் சரிபண்ணியும் கொடுக்கிறேன். ஒரு பாகத்தைப் போடும் முன் நான் கேட்பது ஒரே கேள்வி: நாளைக்கு வேண்டாம் என்றால் இதை எடுத்துவிட்டு வண்டியைப் பழையபடி வைக்க முடியுமா? முடியும் என்றால் மறுபதிப்பைத் தாராளமாகப் போடு. முடியாது என்றால் கையை எடு. பெயிண்ட் உரித்தால் திரும்பி வராது. அதுவும் அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியை மூக்கில் ஏற்றாதே.

டயர் விஷயத்தில் சந்தைக்காரர் சொல்வதை நம்பாதே. டிங்கி டயர் வெறும் ரப்பர் வளையம். அச்சைத் தொடாமல் கழற்றி மாட்டலாம். தோட்டத்து நிஜ லாண்ட் ரோவருக்கு டயர் தேய்ந்தால் மாற்றாமலா ஓட்டினார்கள்? மேட்ச்பாக்ஸ் அப்படி இல்லை. அதன் சக்கரத்தை மாற்ற அச்சின் முனையைத் துளைக்க வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். 1953இல் வந்த வரிசையில் முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன் பின் கறுப்பு என்று மாறி, 1969இல் வேகமாக உருள சூப்பர்ஃபாஸ்ட் என்ற பெயரில் மெல்லிய அச்சு வந்தது. சக்கரத்தை வைத்தே வண்டியின் காலத்தைச் சொல்லிவிடலாம். அதனால் அங்கே சக்கரம் மாற்றினால் வண்டியின் வயதையே அழித்த மாதிரி. உன் ரோலர் அந்த வரிசையில் 1ஆம் எண். அதைத் துடைத்து வைத்தால் போதும்.

டயர் வாங்கும்போது ஒன்று கவனி. ஐம்பதுகளின் கடைசி வரை டிங்கி டயர் வழவழப்பு, அதற்குப் பிறகுதான் கோடு விழுந்தது. உன் லாண்ட் ரோவர் மாடல் 27டி என்ற எண்ணில் 1950இல் வந்தது, 1954இல் எண்கள் மாறியபோது 340 ஆனது. பிளந்த டயரின் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார். கோடு இருந்தால் கோடு போட்டது வாங்கு, இல்லையென்றால் வழவழப்பு. தப்பான டயர் போட்ட வண்டியை நான் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். அளவுக்குப் பழைய டயரை அளக்காதே, அது சுருங்கியிருக்கும். சக்கரத்தின் பள்ளத்தை வெர்னியர் அளவுகோலில் அள.

இன்னொன்று. டிங்கி செய்த கம்பெனியான மெக்கானோவின் லிவர்பூல் பின்ஸ் ரோட்டு ஆலை 1979இல் மூடியாகிவிட்டது. "கம்பெனி ஸ்டாக், அசல் டயர்" என்று ஒருவன் பளபளவென்று நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. நம் சூட்டில் அத்தனை வருஷம் ரப்பர் அப்படி இருக்காது. ரப்பர் தோட்டத்துக்காரனிடமே ரப்பர் கதை சொல்கிறார்கள்!

பழையசாமான் அக்கா, தைப்பிங்:

பட்டறைக்காரர் அண்ணன் சொல்வது டயருக்குச் சரி. டிராக்டர் ஓட்டுநர் வேறு கதை. விற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வாங்குபவர் முதலில் பார்ப்பது சீட்டைத்தான். நொறுங்கிப்போன இன்னொரு மாஸி ஹாரிஸைத் தேடி அதிலிருந்து ஓட்டுநரை எடுத்துப் போட்டால் வண்டி முழுக்க அசல். மறுபதிப்பு உட்கார்ந்தால் விலை இறங்கும், இதுதான் சந்தை.

மறுபதிப்பைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் விற்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வியாபாரியிடம் பெட்டியோடு ஒரு மேட்ச்பாக்ஸ் வாங்கினேன். மூலை மடிந்து, ஓரம் மங்கி, அவ்வளவு பழசாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கள்ளநோட்டுப் பார்க்கிற நீல விளக்கைப் பிடித்தால் அட்டை வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. இப்போதைய தாளில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் அது. மங்கின ஓரம் தேத்தண்ணீர் வேலை. கேட்டால், "நான் அசல் என்று சொல்லவே இல்லையே" என்கிறார். உண்மைதான், சொல்லவில்லை, விலைதான் சொன்னது. ஒளிராத பெட்டி எல்லாம் பழசு என்றும் எண்ணிவிடாதீர்கள், விவரம் தெரிந்த டூப்ளிகேட்காரன் ஒளிராத தாளாகப் பார்த்துத்தான் எடுப்பான்.

பட்டறைக்காரர், சுங்கை சிப்புட்:

தங்கச்சி, இன்னொரு டிராக்டரிலிருந்து பிடுங்கிய ஓட்டுநர் டிங்கி ஓட்டுநர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த டிராக்டரில் வந்தவர் இல்லையே. "முழுக்க அசல்" என்று எழுதி விற்றால் உங்கள் பெட்டிக்காரர் செய்ததற்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? ஓட்டுநர் வேறு வண்டியிலிருந்து என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சண்டையே இல்லை. நொறுங்கிய வண்டி என்று நீங்கள் சொல்வதைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கவும் ஆள் இருக்கிறான் (நானே ஒருவன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு).

தம்பி, மறுபதிப்பு ஓட்டுநரை அடையாளம் காண ஒரு வழி. பெரும்பாலும் அசல் பொம்மையை வைத்தே அச்சு எடுத்து வார்க்கிறார்கள். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் வந்தவர் ஒரு மயிரிழை குள்ளமாக இருப்பார். மூக்கு, விரல், சட்டைக் காலர் மழுங்கியிருக்கும். அடகுக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பூதக்கண்ணாடி போதும். உன் லாண்ட் ரோவர் ஓட்டுநரின் முகத்தை முதலில் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், கண் பழகிவிடும்.

எந்த வண்டி வாங்கினாலும் கவிழ்த்துப் பார். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டில் துளைத்த பளபளப்போ திருகோ தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவர் சும்மா மூடியிருக்க மாட்டார்.

லயத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்:

துண்டைப் பார்த்தேன் அண்ணே, வழவழப்புதான். சட்டத்தை எப்படிப் பொருத்துவது? சூப்பர் குளூ? டிராக்டரின் முன்பக்கம் ஒரு கோடு மாதிரி இருக்கிறது, அது வெடிப்பா? அப்புறம் என் மகள் இதை வைத்து விளையாட வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

பட்டறைக்காரர், சுங்கை சிப்புட்:

சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். ஆவியே சுற்றிலும் வெள்ளைப் படலம் விட்டுவிடும், எடுக்கவும் வராது. பசை இல்லாமல் நிற்கிறதா என்று முதலில் பார். நிற்காவிட்டால் சட்டம் இல்லாமலே இருக்கட்டும். சட்டம் இல்லாத லாண்ட் ரோவர் நம் தோட்டத்தில் எத்தனை ஓடியிருக்கிறது.

டயருக்கு: முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்துவை. பழையதை ஸ்குரூடிரைவரால் நெம்பாதே, பெயிண்ட் போகும். வெதுவெதுப்பான நீரில் சக்கரத்தை மட்டும் நனைத்து, சாத்தே (கறி சுடுகிற) மூங்கில் குச்சியின் முனையால் சுற்றிக் கிளப்பு. புதியதற்கு ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர், அப்புறம் நன்றாகத் துடைத்துக் காயவை. பழைய துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் போட்டு, மேலே எந்த வண்டி, என்ன மாற்றினாய், எந்த மாதம் என்று எழுதி வண்டியோடு வை.

கோடு: வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடாக இருக்கலாம். அது நேராக ஓடும். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோய் வருகிற வெடிப்பு என்றால் சிலந்திவலை போலப் பரவும், உடம்பு உப்பும், வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளுக்குத்தான் அந்தச் சாபம் அதிகம். மாஸி ஹாரிஸ் 1948இல் வந்தது, அனேகமாகத் தப்பித்திருக்கும். எதற்கும் சனிக்கிழமை காலையில் கொண்டுவா, பார்த்துவிடலாம்.

மகளுக்கு இதைக் கொடுக்காதே, ஈயம் என்று சொன்னேன் அல்லவா. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பொம்மை லாரி வாங்கிக் கொடு.