மறு: கூட்டு மனவடுவா, சமூக மனவடுவா?

நண்பர்களுக்கு வணக்கம். போர், பேரிடர் போன்றவற்றால் ஒரு சமூகம் முழுவதற்கும் ஏற்படும் பாதிப்பைக் குறிக்கும் ‘கலெக்டிவ் ட்ராமா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் குழுமப் பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘கலெக்டிவ் ட்ராமா’வுக்குக் ‘கூட்டு மனவடு’ போதும். மனவடு ஏற்கெனவே புழங்கும் சொல்தான். முன்னால் ‘கூட்டு’ சேர்த்தால் வேலை முடிந்தது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனவடு என்ற சொல்லில் குறையில்லை. போர்க்காலத்தில் இலங்கைத் தமிழ் மருத்துவர்களும் உளவளத்துணையாளர்களும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. கடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி.யை அவர்கள் ‘நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதையே ‘மன அழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறோம். இங்கே ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம், டிப்ரெஷனுக்கும் மன அழுத்தம். எந்த நோயைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஸ்ட்ரெஸ்ஸுக்கு அவர்கள் சொல்லும் ‘நெருக்கீடு’ நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய சொல்.

தனி ஆளுக்கு மனவடு சரி. ஒரு சமூகத்துக்கு ஏற்படுவது அதே பொருளா என்பதுதான் கேள்வி.

1972இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன் (Kai Erikson) இரண்டு காயங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று மனத்தின் மேல் விழும் அடி. மற்றது, மனிதரை மனிதரோடு பிணைக்கும் உறவுகளின் மேல் விழும் அடி. அக்கம்பக்கத்தார் யார் யார் என்று பாராமல் தற்காலிக வீடுகளை ஒதுக்கியதால், வெள்ளம் விட்டுவைத்த உறவுகளும் அந்த முகாம்களில் சிதறின. உதவி செய்த கையே இரண்டாவது காயத்தை ஆழப்படுத்தியது!

போர் இதையே பெரிய அளவில் செய்கிறது. வட இலங்கை பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, சமூகங்கள் பிறரைச் சார்ந்தும் மௌனமாகவும் தலைமையற்றும் ஒருவரையொருவர் சந்தேகித்தும் போனதைக் காட்டுகிறது. இவற்றில் எதை ஒரு தனி ஆளின் நோய்க்குறி என்று எழுத முடியும்? எல் சால்வடோரில் 1989இல் கொல்லப்பட்ட உளவியலாளர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோவும் காயம் உறவுகளுக்குள் இருக்கிறது என்றே வாதிட்டார்.

ஆகவே இந்தச் சொல்லில் ‘மன’ வேண்டாம். ‘கூட்டு’ம் வேண்டாம், ஆயிரம் பேரின் மனவடுவைக் கூட்டிய தொகை என்று அது நினைக்க வைக்கிறது. ஆயிரம் பேரும் தூக்கம் திரும்பி, கெட்ட கனவு நின்று, மருந்தை விட்ட பிறகும் பக்கத்து வீட்டாரை நம்ப முடியாமல் இருக்கலாம்.

வடுவிலும் இரண்டு தடங்கல்கள் உண்டு. புண் ஆறிய பின் நிற்கும் தடம்தான் நாம் அறிந்த வடு. ‘ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்று ஒரு நண்பர் குறளைக் காட்டினார், ஏற்கிறேன். ஆனால் ‘வடுவன்று வேந்தன் தொழில்’ என்பதும் குறள்தான், அங்கே வடு என்றால் பழி. ‘சமூக வடு’ என்று தலைப்பிட்டால் அந்த மக்கள் சமூகத்துக்கு ஒரு களங்கம் என்று யாராவது படித்துவிடக்கூடும். அடிபட்டவர் மேல் பழியின் சாயல் விழக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

என் முன்மொழிவு: சமூகக் காயம். காயம் என்பது சிறு கீறலுக்கும் பொருந்துமே என்ற தயக்கம் நியாயம்தான். இருந்தாலும் ட்ராமாவின் கிரேக்க வேரும் வெறும் காயம்தான். கனத்தைப் புழக்கம் கொடுத்தது. ‘காயமுற்ற சமூகம்’, ‘சமூகக் காயத்தை ஆற்றுதல்’ என்று வினையும் அடையும் இயல்பாக வருகின்றன. ‘ஊறு’ம் எனக்குப் பிடித்த சொல், ஆனால் பேச்சில் தனியாக வருவதில்லை.

காயம் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணம், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று அமைதியடையவும் முடியாது. அங்கே வடு உண்டாக இன்னும் நேரமே வரவில்லை. இந்த நிலைக்கு அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் பாலின் பாஸ் தந்த ‘ஆம்பிகுவஸ் லாஸ்’ என்ற பெயரை ‘தெளிவற்ற இழப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். இழந்தவருக்கு வலி தெளிவாகத்தான் இருக்கிறது, தெரியாதது முடிவு. ‘முடிவறியா இழப்பு’ எனலாமா? அந்தக் குடும்பங்களோடு பழகுகிறவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். அவர்கள் தங்கள் வாயால் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதிலிருந்து தொடங்கலாம்.