பழைய மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

மலைமுகடு:
வணக்கம் நண்பர்களே. ஏழெட்டு வருடமாக ஃபுல் ஃப்ரேமில்தான் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிலக்காட்சி, கொஞ்சம் போர்ட்ரெய்ட், பெரும்பாலும் ட்ரைபாடில் வைத்து நிதானமாக எடுப்பது, நன்றாக வந்ததைப் பெரிதாக பிரிண்ட் போடுவது, இவ்வளவுதான். அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் மேல் ரொம்ப நாளாக ஆசை. புதிது வாங்க வசதியில்லை, ஆனால் பழையவை இப்போது கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன. 2010-ல் வந்த பென்டாக்ஸ் 645டி, ஹாசல்பிளாட் எச்3டி-39, 2018-ல் வந்த ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர், இந்த மூன்றில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் இரண்டும் பழைய வகையான சிசிடி சென்சார், கடைசியது இப்போது பரவலாக உள்ள சிமாஸ். சிசிடியின் நிறமே தனி என்று பலரும் சொல்வதால் மனசு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. இத்தனை வயதான பொருளை நம்பி வாங்கலாமா? நேரில் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழையகண்ணாடி:
645டி என்னிடம் ஐந்து வருடமாக இருக்கிறது. நீங்கள் எடுக்கும் வகைப் படங்களுக்குத் தாராளமாகப் போதும். 7264-க்கு 5440 பிக்சல், அதாவது 300 டிபிஐ-யில் 24-க்கு 18 அங்குல பிரிண்ட், ஒரு பிக்சலைக்கூட இழுத்துப் பெரிதாக்காமல். ரா ஃபைலை (சென்சார் பதிந்த மூலத் தரவு) பல மென்பொருள்கள் திறக்கும் பொது வடிவமான டிஎன்ஜி-யாகவே நேரடியாகப் பதியலாம் என்பதால் பத்து வருடம் கழித்தும் திறக்குமா என்ற கவலை இல்லை. சாதாரண எஸ்டி கார்டு போதும், தூறலில் நனைந்தாலும் பதற வேண்டாம். ஆனால் லைவ் வியூ (பின்திரையில் காட்சியைப் பார்த்து எடுப்பது) கிடையாது, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், வினாடிக்கு ஒரு படம்தான், ஐஎஸ்ஓ 100, 200-ல் கொடுக்கிற நுணுக்கம் 800-க்கு மேல் போனால் சட்டென்று கரைந்துவிடும். ட்ரைபாடில் எடுப்பவருக்கு இதெல்லாம் பெரிய குறையில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது லென்ஸைப் பற்றி. பாடி எப்போதாவது ஒரு நாள் போய்விடும், லென்ஸ் நிற்கும். ஃபிலிம் காலத்து பென்டாக்ஸ் 645 ஏ, எஃப்ஏ வரிசை லென்ஸ்கள் 645டி-யில் அப்படியே பொருந்தும், 2014-ல் வந்த 645இசட்-லும் பொருந்தும். அவற்றில் அபர்ச்சர் வளையம் இருப்பதால் நாளைக்கு ஜிஎஃப்எக்ஸ் வாங்கினாலும் ஒரு சாதாரண அடாப்டர் போட்டு மேனுவல் ஃபோகஸில் பயன்படுத்தலாம். நான் முதலில் 75 மி.மீ. எஃப் 2.8, அப்புறம் 120 மேக்ரோ என்று இரண்டே லென்ஸோடு இரண்டு வருடம் ஓட்டினேன், குறையே தெரியவில்லை.

விளிம்பொளி:
ஸ்டூடியோ வேலைக்காகப் பழைய டிஜிட்டல் பேக்குகளோடு (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பகுதி) ரொம்ப காலம் பழகியவன். எச்3டி-39 நல்ல கேமரா, சந்தேகமே இல்லை. சென்சார் 49-க்கு 37 மி.மீ., 645டி-யின் 44-க்கு 33-ஐ விடப் பெரிது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/800 வினாடி வரை ஃபிளாஷ் ஷட்டரோடு ஒத்து எரியும் (சிங்க்), 645டி-யில் அது 1/125 தான். பட்டப்பகலில் வெளியே ஃபிளாஷ் வைத்து போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கு இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் உங்கள் வேலை அது இல்லையே. கம்ப்யூட்டரோடு இணைக்க ஃபயர்வயர் வேண்டும், அந்த போர்ட் இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் கிடையாது. பேட்டரி கைப்பிடியோடு சேர்ந்த தனி வகை, பழையது சார்ஜ் நிற்காமல் போனால் மாற்று தேடி அலைய வேண்டும். ஷட்டர் ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியாகத் தேய்கிறது, அதனால் பாடி எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். இத்தகைய சென்சார்கள் சிலவற்றில் படம் இரண்டு பாதியாகப் பிரித்துப் படிக்கப்படுகிறது, இரண்டு பாதிக்கும் தனித்தனி சுற்று. வயதாகி அளவீடு விலகினால் ஒரு பாதி மற்றதைவிட ஒரு துளி வெளுத்தோ சிவந்தோ போய், நடுவில் நேர்க்கோடு விழும். முகத்திலும் மரத்திலும் தெரியாது, மேகமில்லாத வானத்தில் பளிச்சென்று தெரியும். எனக்கு அப்படி ஒரு பேக் வந்து மாட்டியது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கடையில் பொம்மை, பூ என்று எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன், முதல் கடற்கரைப் படத்தில் வானம் சரிபாதியாக மடித்துப் பிரித்த காகிதம் மாதிரி இருந்தது. சரிசெய்ய அனுப்பிய இடத்தில் அந்த மாடலுக்கான வசதியை நிறுத்திவிட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம், லென்ஸ் மூடியைப் போட்டு 30 வினாடிக்கு ஒரு படம் எடுங்கள். லேப்டாப்பில் போட்டு கான்ட்ராஸ்ட்டை முழுசாக ஏற்றினால் நடுக்கோடு, செத்த பிக்சல் வரிசை, சென்சார் கீறல் எல்லாம் வெளியே வந்துவிடும்.

சமநிலை:
சிசிடி நிறம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை, மன்னிக்கவும். நிறத்தைத் தீர்மானிப்பது சென்சார் மேல் இருக்கும் வண்ண வடிகட்டியும் ரா ஃபைலைத் திறக்கும்போது பயன்படும் ப்ரொஃபைலும்தான். ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கன் இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் காலத்து கம்பெனிகள் குறைந்த ஐஎஸ்ஓ-வுக்காகவே வடிகட்டியை அடர்த்தியாக வைத்தார்கள் என்று சொல்வார்கள், அப்படியென்றால் அதன் பலன் படத்தில் தெரியலாம். ஆனால் நிலக்காட்சியில் நிழலைத் தூக்க (இருண்ட பகுதியை வெளிச்சமாக்க) வேண்டிவரும்போது 50ஆர்-இன் சிமாஸ் எங்கேயோ இருக்கிறது, பழைய சிசிடி அங்கே மணல் கொட்டியது போலாகிவிடும்.

இன்னொன்று, பின்னணி மங்கலுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். 44-க்கு 33 சென்சாரில் 80 மி.மீ. எஃப் 2.8 என்பது ஃபுல் ஃப்ரேமில் 63 மி.மீ. எஃப் 2.2-க்குச் சமம். உங்களிடம் 85 எஃப் 1.4 இருந்தால் அதுவே இதைவிட அதிகம் மங்கலாக்கும். பரப்பளவில் ஃபுல் ஃப்ரேமைவிட 1.7 மடங்குதான். பெரிய பிரிண்ட்டுக்கு அந்த 1.7 தெரியும், ஆனால் ட்ரைபாட் ஆடினால் அதுவும் போச்சு. ஐந்தாறு வருடம் நிம்மதியாக ஓட வேண்டுமென்றால் 50ஆர். ஆட்டோஃபோகஸ் மெதுவானது, அதைத் தவிர அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பழையகண்ணாடி:
சமநிலை சொல்லும் நிழல் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். சூரிய உதயத்தில் நான் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைப்பது அதனால்தான். ஆனால் 645டி-யின் அந்தப் பெரிய வ்யூஃபைண்டரில் காட்சியை நேராகப் பார்ப்பது எனக்கு ஒரு காரணம், திரையில் பார்ப்பது அதற்கு ஈடாகாது. ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மலைமுகடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று இரண்டு கேமராக்களைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாவதில் (மாடலைச் சொல்லவில்லை, அது அந்த ஒரு கேமராவின் குறைதான்) சுவர்ப் படத்தை கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் விளிம்பொளி சொன்ன கோடு மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல அப்படியே நின்றது. விற்பவருக்கே தெரியாது, பாவம், முகம் வாடிவிட்டது. இரண்டாவது 645டி. சுவர்ப் படத்தில் நாலைந்து தூசிப் புள்ளி மட்டும், மூடி போட்ட படமும் சுத்தம். வ்யூஃபைண்டரில் வைத்த கண்ணை எடுக்க மனமே வரவில்லை. 75 எஃப்ஏ லென்ஸோடு சேர்த்துப் பேசிவிட்டேன், சனிக்கிழமை போய் வாங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்தத் தூசியை ஊதும் பம்ப் வைத்து நானே எடுக்கலாமா, சென்சார் இவ்வளவு பெரிதாக இருப்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

விளிம்பொளி:
பம்ப் தாராளமாக. பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், மெனுவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு கேமராவை முகம் கீழாகப் பிடித்து ஊதுங்கள். வாயால் மட்டும் ஊதாதீர்கள். அதற்கும் போகாத புள்ளி இருந்தால் ஈரத்துணுக்கு வைத்துத் துடைக்கும் முன் இங்கே ஒரு படம் போடுங்கள், தூசியா எண்ணெயா என்று பார்த்துச் சொல்கிறேன்.