பொன்வண்டைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லிக்குப்பம்:

போன ஐப்பசியில் கெடிலம் கரையோரம் கருவேல மரத்தில் ஒரு பொன்வண்டைப் பார்த்தேன். செம்பழுப்பு முதுகு, மினுமினுக்கும் பச்சைக் கழுத்து, அந்தக் கழுத்து முழுக்க ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள், உட்கார்ந்து இலையோரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. விரலை நீட்டினதும் காலை மடக்கிப் பொத்தென்று விழுந்து செத்தது போலக் கிடந்தது, அப்புறம் எழுந்து பறந்துவிட்டது. பக்கத்தில் ஆடு மேய்த்த பெரியவர், "முன்னெல்லாம் மரத்த உலுக்கினா கொத்தா விழும் தம்பி, இப்ப ஒண்ணு கண்ணுல படுறதே பெருசு" என்றார். மனசு கேட்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன், உங்கள் பக்கம் இருக்கிறதா?

வில்லியனூர்:

ஊசுடு ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கொடுக்காப்புளி மரத்தில் முன்பு பார்த்திருக்கிறேன் அண்ணா. மரத்தையே வெட்டிவிட்டார்கள், இப்போது அங்கே மனைக்கல்தான் நிற்கிறது. நான் எம்பிராய்டரி வேலை செய்பவள். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து முதுகும் பச்சையாக இருக்கும் இன்னொரு வகைப் பொன்வண்டின் இறக்கை ஓடுகளை வைத்துத் தைத்த மஸ்லின் துணி கப்பலில் போயிருக்கிறது. 1888இல் லண்டனில் எல்லன் டெர்ரி என்ற நடிகை ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லேடி மேக்பெத் வேஷத்துக்குப் போட்ட உடையில் ஆயிரம் இறக்கைக்கு மேல் இருந்ததாம். அந்தப் பச்சை சாயமே இல்லை, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம், அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் வெளுக்கவில்லை. நம் பக்கத்திலிருந்து போன பச்சை அது, நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

பண்ருட்டி:

அக்கா சொன்ன மனைக்கல்தான் விஷயமே. நாம் மரத்தில் பார்க்கிற வண்டு சில வாரம்தான் உயிரோடு இருக்கும், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள் புழுவாக வேரைத் தின்றே கழிகிறது. மரத்தடி மண்ணில் முட்டை, அங்கேயே புழு, அங்கேயே கூட்டுப்புழு, மழை வந்ததும் வெளியே. பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து வைக்கும்போது அரிசி மாதிரி இடுகிறதே, அந்த முட்டை பொரித்தாலும் புழு பிழைக்காது, வேருக்கு எங்கே போகும்? அதனால் ஜேசிபி வைத்து வேரோடு பெயர்க்கும்போது போவது ஒரு மரம் மட்டும் இல்லை, அடுத்த மழைக்கு வரவேண்டிய வண்டு மொத்தமும்தான்.

2011 டிசம்பர் 30 'தானே' புயலில் சாய்ந்த முந்திரியையும் பலாவையும் அதிகாரிகள் வந்து எண்ணினார்கள், நிவாரணம் கொடுத்தார்கள், சரி. வேலியோரம் சாய்ந்த, பொன்வண்டு வாழும் வெள்வேலத்தை யார் எண்ணினார்கள்? இப்போது சீமைக்கருவேலத்தை அழிக்கிறோம் என்று வரும் வண்டி, முள் இருந்தாலே போதும் என்று நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வாரிவிடுகிறது. எங்கள் ஏரிக்கரையில் அப்படித்தான் நடந்தது. நானும் பக்கத்து நிலத்துக்காரரும் போய் நின்று, நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காட்டின பிறகுதான் டிரைவர் விட்டுவைத்தார். நல்ல மனுஷன், யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் எந்த மரம், எந்த மாசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மரம் பெயர்க்கும் வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே பஞ்சாயத்தில் போய்க் காட்ட உதவும்.