மறு: 'வாட் சயனைடு'க்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் அண்ணாச்சி,

> வீக் ஆசிட் டிசோசியபிள் சயனைடு (சுருக்கமாக 'வாட்'): 'வலுவற்ற அமில விலகு சயனைடு' என வைக்கலாமா?

நம் அகராதிக்கு இது வேண்டாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், தங்க ஆலையின் சயனைடுத் தொட்டிப் பலகையில் வாசிக்கிற ஆளின் கண்ணில் முதலில் படுவது 'வலுவற்ற'. அது அமிலத்துக்கு உரிய அடை, அவரோ சயனைடோடு சேர்த்து வாசித்துவிடுவார். வலுவில்லாத சயனைடுக்குக் கையுறை எதற்கு என்று ஒருவருக்குத் தோன்றினாலே போதும், சொல் ஆளைக் கொன்றுவிடும்.

தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைக்கும் சயனைடு செம்பு, துத்தநாகம், நிக்கல் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளும். இந்தக் கட்டு தளர்வானது. பிஎச் 4.5 அளவில் அமிலம் பட்டால் அவிழ்ந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறும். இரும்பு, கோபால்ட் கட்டு அப்படி அவிழாது. வேறுபாடு கட்டின் இறுக்கத்தில்தான் இருக்கிறது, பெயரும் அங்கிருந்தே வரட்டும்: தளர்கட்டுச் சயனைடு, இறுகுகட்டுச் சயனைடு. எதோடும் கட்டாமல் கரைசலில் இருப்பது தனிச் சயனைடு. (ஆங்கில 'ஃப்ரீ'யை 'இலவச சயனைடு' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அது உடனே போக வேண்டும்.)

நம்ம விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவும் எளிது. மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) சயனைடு சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. கிழங்கை நறுக்கினால் நொதி பட்டுக் கட்டு அவிழும். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். எல்லைப்பக்கம் மலையாளத்தில் அந்த நஞ்சின் பேரே 'கட்டு'.

'இறுகுகட்டு' என்றதும் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆழமில்லாத கழிவுக்குளத்தில் வெயில் பட்டால் இரும்புக் கட்டும் உடைந்து தனிச் சயனைடு வரும். இதை விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

—

தம்பிக்கு,

'வலுவற்ற'வை எடுத்துவிடுகிறேன். ஆனால் உங்கள் சொல்லிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆய்வுக்கூடம் 'வாட்' என்று தருகிற எண்ணில் தளர்கட்டு மட்டுமில்லை, தனிச் சயனைடும் அடக்கம். 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவுக்குளக் கரை உடைந்து திசா ஆற்று மீன்கள் செத்த பிறகு வந்த பன்னாட்டுச் சயனைடு மேலாண்மை நெறியைப் பாருங்கள். பறவை இறங்கும் திறந்த நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஆற்றில் விடும் நீரில் 0.5 மில்லிகிராம் என்ற வரம்புகள் இந்தக் கூட்டு எண்ணுக்குத்தான். ஒருவர் தளர்கட்டை மட்டும் கணக்கிட்டு 0.4 என்று எழுதி, தனியாக இருக்கும் 0.3-ஐ விட்டுவிட்டால் வரம்பு மீறியது தெரியாமலே மதகு திறக்கும்.

ஆகவே கட்டுக்கு ஒரு பெயர், எண்ணுக்கு ஒரு பெயர். எண்ணுக்கு 'விடுபடு சயனைடு' என்கிறேன். மென்னமிலத்தில் விடுபட்டு வருவது எல்லாம் அதில் அடங்கும்.

பதிவில் இரண்டு குறிப்பு சேருங்கள். மாதிரி எடுத்த உடனே சோடியம் ஹைட்ராக்சைடு இட்டு பிஎச் 12-க்கு மேல் ஏற்றி, நிறப்புட்டியில் குளிரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயு போய்விடும், எண் குறைவாகக் காட்டும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலையே ஏறத்தாழ 26 டிகிரி, நாகர்கோவில் அறைவெப்பம் அதைவிடக் கூடுதல். அடுத்தது, சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) ரோடனின் என்ற நிறங்காட்டி மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும்போது, செம்பு இருந்தால் அதன் கட்டிலிருந்தும் கொஞ்சம் சேர்ந்து வரும். 'தனி' என்று எழுதுகிற எண் அங்கே உண்மையைவிடக் கூடும்.

—

அண்ணாச்சி, விடுபடு சயனைடு நன்றாக நிற்கிறது. அகராதிப் பதிவு இப்படிப் போகட்டும்:

தனிச் சயனைடு: சயனைடு அயனியும் ஹைட்ரஜன் சயனைடும். பிஎச் 9.2 அளவில் இரண்டும் பாதிக்குப் பாதி. அதனால் கரைசலைச் சுண்ணாம்பிட்டு 10.5-க்கு மேல் வைப்பர்.
விடுபடு சயனைடு: தனிச் சயனைடு + தளர்கட்டுச் சயனைடு.
மொத்தச் சயனைடு: விடுபடு சயனைடு + இறுகுகட்டுச் சயனைடு. இறுகுகட்டு வெயிலில் அவிழும்.