இபிஏபிஎக்ஸ் சீரியல் போர்ட்: புட்டியில் வெறும் கருப்புத் திரை

மில்_ஆபீஸ்:
வணக்கம். எங்கள் ஆபீஸில் பழைய இபிஏபிஎக்ஸ் (அழைப்புகளை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் போன் பெட்டி) இருக்கிறது. ராத்திரி வெளியிலிருந்து வரும் அழைப்பு ரிசப்ஷனில் அடிக்காமல் வாட்ச்மேன் அறையில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பொருத்திக் கொடுத்த டெக்னீஷியன் இப்போது ஊரில் இல்லை. சீரியல் போர்ட் வழியாக புரோகிராம் செய்யலாம் என்று மேனுவலில் இருக்கிறது. யுஎஸ்பி கன்வெர்ட்டரில் ஒன்பது பின் கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரில் புட்டி (PuTTY) என்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்தேன். என்டர் தட்டித் தட்டிப் பார்த்தும் ஒரு எழுத்துகூட வரவில்லை. போர்ட் போய்விட்டதா?

வயர்மேன்:
போர்ட் மேல் பழி போடுவதற்கு முன்னால் கன்வெர்ட்டரைச் சோதியுங்கள் சார். கேபிளைக் கழற்றிவிட்டு, கன்வெர்ட்டரின் ஊசி முனையில் ஐந்து பின் வரிசை மேலே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து இரண்டாவதும் மூன்றாவதும் தொடும்படி ஒரு ஜெம் கிளிப்பைச் செருகி, புட்டியில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் கன்வெர்ட்டர், டிரைவர், காம் நம்பர் (கம்ப்யூட்டர் அந்த போர்ட்டுக்குக் கொடுக்கும் COM எண்) மூன்றும் சரி. புட்டி செட்டிங்கில் ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' (None) என்று வையுங்கள். யுஎஸ்பியை வேறு துளையில் மாற்றிச் செருகினால் காம் நம்பரும் மாறலாம், டிவைஸ் மேனேஜரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்_ஆபீஸ்:
தட்டியது அப்படியே வருகிறது சார். அப்படியென்றால்?

வயர்மேன்:
அப்படியென்றால் கேபிள் மேல்தான் சந்தேகம். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து ஒரு முனையின் 2ஆம் பின்னையும் மறுமுனையின் 2ஆம் பின்னையும் தொடுங்கள். பீப் அடித்தால் அது நேர் கேபிள். உங்கள் பெட்டியின் போர்ட்டும் கம்ப்யூட்டர் மாதிரியே வயரிங் ஆகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசும், கேட்க ஆள் இருக்காது. 2ம் 3ம் மாறிய கிராஸ் கேபிள் வேண்டும். கடையில் நல் மோடம் அடாப்டர் என்று கேட்டாலும் தருவார்கள். வெளியே பார்த்தால் நேர், கிராஸ் இரண்டும் ஒரே மாதிரிதான், கடைக்காரர் வார்த்தையை நம்பாமல் மீட்டரை எடுத்துப் போங்கள்.

மில்_ஆபீஸ்:
அடாப்டர் போட்டேன். இப்போது என்டர் தட்டினால் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக ஏதோ வருகிறது.

சர்வர்_ரூம்:
நல்ல செய்திதான், பெட்டி பேசுகிறது! வேகம்தான் ஒத்துப்போகவில்லை. புட்டியில் ஸ்பீட் 9600 வைத்திருந்தால் 19200, 4800, 2400 என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் குப்பை வந்தால் 8 பிட், பேரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை என்பதை 7 பிட், ஈவன் என்று மாற்றுங்கள்.

மில்_ஆபீஸ்:
2400இல் பாஸ்வேர்ட் கேட்டது! மேனுவலில் உள்ளதே வேலை செய்தது. நைட் மோடில் வாட்ச்மேன் எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், அடிக்கிறது. ஆனால் மத்தியானம் கரண்ட் போய் வந்ததும் பழையபடி ரிசப்ஷனுக்கே போகிறது.

சர்வர்_ரூம்:
சேவ் ஆகவில்லை. பல பெட்டிகளில் மாற்றம் முதலில் தற்காலிக நினைவில்தான் உட்காரும். மேனுவலில் சேவ் கட்டளை தனியாக இருக்கும், அதைக் கொடுத்தபிறகு வெளியே வாருங்கள். அப்புறம் புட்டியில் லாகிங் போட்டு, இப்போதுள்ள செட்டிங் முழுவதையும் திரையில் ஓடவிட்டு ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், மேனுவல் கையில் கிடைத்த யாரும் உள்ளே போகலாம்.

மில்_ஆபீஸ்:
சேவ் கொடுத்து மெயினை அணைத்துப் போட்டேன், வாட்ச்மேன் அறையில்தான் அடிக்கிறது. இருவருக்கும் நன்றி.